மெலேயின் பெயருக்கு நேரே நான் மாற்றிய மூன்றெழுத்து

1. நான்கு மணி ஆறு நிமிடம்

ஆக்லாந்தில் நடந்த ஒரு சர்வதேசத் தடகளப் போட்டியில், சனிக்கிழமை மாலை நான்கு மணி ஆறு நிமிடத்துக்கு எல்லாம் தப்பாகத் தொடங்கியது. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. போட்டி அலுவலகத்துக்கு வருகிற ஒவ்வொரு அழைப்பையும் ஆளையும் நேரம் போட்டுக் குறித்துவைப்பது என் வேலை. அன்றைய தாளில் என் கையெழுத்தில் ‘4.06 – கால் ரூம்’ என்று இருக்கிறது. அதற்கு அடுத்த குறிப்பு ‘5.01’. நடுவில் ஒன்றுமே இல்லை. அந்த வெற்றிடத்தில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆக்லாந்தில் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இப்போது அத்லெடிக்ஸ் க்ளப்புகளில் ஓடுகிறார்கள். பிள்ளையைக் கொண்டுவிடப் போகும் பெற்றோரின் கையில் ஒரு டேப்பையோ கொடியையோ கொடுத்து க்ளப் அவர்களை வேலைக்கு இழுத்துக்கொள்ளும். நானும் அப்படி வந்தவள்தான். பதினோரு வருடமாகப் போட்டி அலுவலகத்தில் இருக்கிறேன். பெயர்ப் பட்டியல், உடுப்பில் குத்தும் பிப் எண், ஸ்டார்ட் லிஸ்ட், முடிவுகள் எல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும். புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் என் தவறை மறைக்காமல் எழுதுகிறேன்.

கால் ரூம் என்பது ஓட்டத்துக்கு முன்னால் வீரர்கள் கூடும் கூடாரம். ஷூ, பிப், அவரவர் நாட்டு நிறத்தில் இருக்கும் கையில்லாத சிங்லெட் பனியன் மூன்றையும் பார்த்து, பட்டியலோடு ஒத்துப்போனால்தான் உள்ளே விடுவார்கள். அன்று அங்கே பொறுப்பில் இருந்தவர் ரோஸ்லின் அக்கா. மலேசியாவின் கிள்ளானில் பிறந்தவர், லின்ஃபீல்டில் வீடு, ஓய்வுபெற்ற நர்ஸ். அவர் குரல் வாக்கிடாக்கியில் வந்தால் பக்கத்து மேஜைக்காரர்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

“தங்கச்சி, பெண்கள் நானூறு மீட்டர், லேன் ஏழு. ஒன் லிஸ்டுல நியூசிலாந்துன்னு போட்டிருக்கு. இங்க வந்து நிக்கிற பொண்ணு ஆரஞ்சு சிங்லெட்ல நிக்கிது. மேட்ச் ஆவுல லா. எப்புடி நான் உள்ள விடுறது?”

“பேர் என்னக்கா?”

“மெலே. ஒன் வீட்டுக்கு வருமே, அதே பொண்ணு.”

அந்த வரியில் நியூசிலாந்து என்று போட்டது நான்தான்.

2. வியாழக்கிழமை செய்த வேலை

வார நாட்களில் நான் ஆல்பனியில் ஒரு விசா ஆலோசனை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஃபைல் வெளியே போவதற்கு முன்னால் கடைசியாகப் பார்க்கும் ஆள் நான். பாஸ்போர்ட்டில் இருப்பதும் விண்ணப்பத்தில் இருப்பதும் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. நம்மவர் பெயர்களில் இது பெரிய வேலை. இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும், சில சமயம் அப்பாவின் பெயரே ஆளின் பெயராகிவிடும். ஒரு புள்ளியால் திரும்பிவந்த ஃபைல்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் அழுத மனிதர்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே என் கண் முதலில் பாஸ்போர்ட்டைப் பார்க்கும். மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்பத் திருத்தும்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் ஏவன்டேலில் எங்கள் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பட்டியலைச் சரிபார்த்தேன். மெலேயின் வரி வந்தது. நாட்டுக் குறியீடு இருக்கும் இடத்தில் அவளுடைய தீவின் மூன்றெழுத்து இருந்தது. கூட இணைத்திருந்த பாஸ்போர்ட் நகலைத் திறந்தேன். நியூசிலாந்து பாஸ்போர்ட்.

அந்தத் தீவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அங்கே இருப்பவர்கள் அவ்வளவு குறைவு. பெயரைச் சொன்னால் ஆளையே காட்டிக்கொடுத்தது போலாகிவிடும். பசிபிக்கில் சில தீவுகள் அப்படித்தான். தனிக்கொடி உண்டு, தனி அரசாங்கம் உண்டு, தனி விளையாட்டுச் சங்கம் உண்டு. ஆனால் மக்கள் கையில் இருப்பது நியூசிலாந்து பாஸ்போர்ட். பதினோரு வருடம் இந்த மேஜையில் உட்கார்ந்திருந்தும் அது எனக்கு உறைக்கவில்லை.

தீவின் சங்கச் செயலாளர் தவறாக அடித்துவிட்டார் என்று நினைத்தேன். பாவம், கவனிக்கவில்லை போலிருக்கிறது என்றுகூட நினைத்தேன். மூன்றெழுத்தை அழித்து வேறு மூன்றெழுத்தை அடித்தேன். சேவ் செய்தேன். அடுத்த வரிக்குப் போனேன்.

ஏன் ஒரு ஃபோன் செய்து கேட்கவில்லை என்று பிறகு பலர் கேட்டார்கள். உண்மையான பதில் இதுதான். அந்தக் கறுப்பு அட்டைப் புத்தகம் என் கைக்கு வர ஒன்பது வருடம் ஆனது. வந்த அன்று நானும் என் கணவரும் அதை மாறி மாறிப் பிரித்துப் பார்த்தோம். அதைக் கையில் வைத்திருக்கும் ஒருத்தி ‘நான் வேறு நாடு’ என்று சொல்வாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மெலே செவ்வாய்க்கிழமைதோறும் பயிற்சி முடிந்து என் மகள் கயலோடு எங்கள் வீட்டுக்கு வருவாள். இருவரும் ஒரே க்ளப். மெலேக்கு இருபத்திரண்டு வயது. முதியோர் இல்லத்தில் காலை ஷிஃப்ட் பார்த்துவிட்டு ஓட வருகிறவள். அன்று காலையிலிருந்து எதுவுமே சாப்பிடாதவள் போல ஆறு தோசை சாப்பிடுவாள். தோசைக்கல் பக்கத்தில் நின்றுகொண்டே அவளிடம் கேட்டிருக்கலாம்.

3. ஆன்ட்டி லூபேயின் நோட்டு

வெள்ளிக்கிழமை பிப் வாங்க ஆன்ட்டி லூபே வந்தார். தீவின் சங்கச் செயலாளர், அணி மேலாளர், பயிற்சியாளர், தண்ணீர் கொண்டுவருபவர் எல்லாம் அவரே. ஆக்லாந்தில் பஸ் ஓட்டுகிறார். அணி என்பது மெலே ஒருத்திதான்.

பையிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நோட்டு ஒன்றை எடுத்தார். நான் கேட்கவில்லை, அவரே வாசித்துக் காட்டினார். தீவின் அத்லெடிக்ஸ் சரித்திரம் முழுவதும் அதில் நாலு பக்கம்.

“முதல் தடவை வெளிநாட்டுக்கு அணி போனது. ரெண்டு பேர், ஒரு ஜோடி ஸ்பைக் ஷூ. ஒருத்தன் ஓடி முடிச்சிட்டு அதைக் கழட்டி அடுத்தவன்கிட்ட குடுத்தான். முதல் தடவை பெண் போனது, குண்டு எறிதல். அது என் அக்கா. முதல் தடவை கடைசியா வராதது.”

அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தது.

“யார் கடைசி?” என்று கேட்டேன்.

“பக்கத்துத் தீவு. இன்னும் எங்களோட பேச மாட்டாங்க” என்று சொல்லி உடம்பு குலுங்கச் சிரித்தார்.

கடைசி வரி மட்டும் பென்சிலில் இருந்தது. ‘முதல் தடவை சொந்த நேரத்தால் நுழைந்தவர் – மெலே.’ அதற்கு அவர் விளக்கம் சொன்னார். சின்ன நாடுகளுக்கு இம்மாதிரிப் போட்டிகளில் ஓர் இடம் சும்மா கொடுப்பார்கள், நேரம் எதுவானாலும். இதுவரை போன எல்லோரும் அந்த இடத்தில்தான் போனார்கள். மெலே மட்டும்தான் தன் நேரத்தைக் காட்டி எட்டு பேரில் ஒருத்தியாக வந்திருக்கிறாள்.

“ஏன் பென்சில்?”

“ஓடி முடிக்கட்டும். அப்புறம்தான் பேனா.”

அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் முன்னால் இருந்த லேப்டாப்பில் அந்த மூன்றெழுத்து மாறி ஒரு நாள் ஆகியிருந்தது. பிப்பில் பெயரும் எண்ணும் மட்டும்தான் இருக்கும், நாடு இருக்காது. அவருக்குத் தெரிய வழியே இல்லை. சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து ஓட்டத்துக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

4. கறுப்பு சிங்லெட்

நான் கூடாரத்துக்கு ஓடியபோது மணி நான்கு பத்து. நான்கு பதினைந்துக்குக் கால் ரூம் மூடும். நான்கரைக்கு ஓட்டம்.

மெலே ஆரஞ்சு சிங்லெட்டின் மேல் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு நின்றாள். நியூசிலாந்து அணிக்காரர் ஒருவர் நல்ல எண்ணத்தோடுதான் ஒரு கறுப்பு சிங்லெட்டைக் கொண்டுவந்திருந்தார்.

“லிஸ்ட்ல எங்க ஆளுன்னுதானே இருக்கு. இதைப் போட்டுட்டு ஓடட்டும். பேப்பரை அப்புறம் சரிபண்ணிக்கலாம்.”

அப்புறம் சரிபண்ண முடியாது. அது எனக்குத் தெரியும், மெலேக்கும் தெரியும். ஒரு சர்வதேசப் போட்டியில் ஒரு நாட்டின் சிங்லெட்டில் ஓடிவிட்டால் அந்த நாட்டு ஆள்தான். பிறகு சொந்த நாட்டுக்கு ஓட வேண்டுமானால் விண்ணப்பம், விசாரணை, வருடக்கணக்கில் காத்திருப்பு. இருபத்திரண்டு வயதில் நானூறு மீட்டர் ஓடுகிறவளுக்கு அந்த வருடங்கள் திரும்பி வராது.

“மெலே, என்ன செய்யப் போறே?” என்று ரோஸ்லின் அக்கா ஆங்கிலத்தில் கேட்டார்.

“அதைப் போட்டுட்டு நான் ஜெயிச்சாலும் ஆன்ட்டி நோட்ல எழுத மாட்டாங்க” என்றாள் மெலே. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சிங்லெட்டைப் பார்த்துச் சொன்னாள்.

ரெஃப்ரி கிரேம் வந்தார். நீண்ட காலம் பள்ளி ஆசிரியராக இருந்தவர், குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே எல்லோருக்கும் பயம்.

“சிவா, சங்கம் அனுப்பின என்ட்ரில என்ன இருந்தது?”

என் அடையாள அட்டையில் இருக்கும் நீளமான பெயரை இங்கே எல்லோரும் சிவா என்று சுருக்கிவிட்டார்கள்.

“தீவோட கோட்தான் இருந்தது.”

“யார் மாத்தினது?”

“நான். வியாழக்கிழமை. பாஸ்போர்ட்டைப் பார்த்து மாத்தினேன். யார்கிட்டயும் கேக்கல.”

அவர் தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். “இவ ஓடலேன்னா ரிசர்வ் யாரு?”

அந்தக் கேள்வி வரும் என்று நான் நினைத்திருக்கவே இல்லை. அது பொய் போலத் தெரியும். ஆனால் அந்த நொடி வரை நினைக்கவில்லை.

“கயல்” என்றேன். “என் மக.”

கூடாரத்தின் ஓரத்தில் வார்ம் அப் உடுப்போடு, பிப் குத்திக்கொண்டு, கயல் நின்றிருந்தாள். பட்டியலில் ஒன்பதாவது ஆள் அவள். யாராவது விலகினால் அந்த லேன் அவளுக்கு. முதன்முதலாகக் கறுப்பு சிங்லெட் வாங்கி அதைக் கண்ணாடி முன்னால் நின்று போட்டுப் பார்த்தவள். இங்கே பிறந்தவள், என்னிடம் பாதிக்கு மேல் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். அவள் என் அருகே வந்து மிகவும் தாழ்ந்த குரலில், தமிழில் கேட்டாள்.

“அம்மா, எனக்காகப் பண்ணியா?”

நான் இல்லை என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வழக்கமாக என் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறவள், அன்று சரிபார்த்தாள். நான் ஃபைல்களைப் பார்ப்பது போல. மற்ற எல்லாம் பிறகு சரியாகிவிட்டது. ஆனால் அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் கையிலிருக்கிற வேலை நின்றுவிடுகிறது.

கிரேம் விதியைச் சொன்னார். எழுத்தில் சங்கத்தின் உறுதி இல்லாமல் அவர் குறியீட்டை மாற்ற முடியாது, ஏனென்றால் பாஸ்போர்ட் நியூசிலாந்து. ஆனால் மெலே வாய்மொழியாகப் புரொடெஸ்ட் செய்தால், அதாவது ஆட்சேபம் தெரிவித்தால், அந்தப் புரொடெஸ்ட்டோடு ஓட விடலாம். முடிவு அறிவித்த முப்பது நிமிடத்துக்குள் சங்கத்தின் கையெழுத்து வர வேண்டும். வராவிட்டால் அவள் ஓடியதே இல்லை என்று ஆகிவிடும்.

“அப்படி ஆனா ரிசர்வுக்கும் ஓட்டம் போச்சு, இவளுக்கும் போச்சு” என்றார். பிறகு கயலைப் பார்த்தார். “உனக்கு ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லு.”

கயல் தன் பிப்பின் நாலு ஊக்குகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். மெலேயின் பிப்பில் ஒரு மூலை தொங்கிக்கொண்டிருந்தது. ஓர் ஊக்கை அதில் குத்தினாள்.

“கோ, யூ இடியட்” என்றாள். “ஆறு தோசை சாப்பிட்டிருக்கே. ஃபாஸ்ட்டா ஓடு.”

மெலே கிரேமிடம் “புரொடெஸ்ட்” என்றாள். அப்போதுதான் அழுதாள். ரோஸ்லின் அக்கா ஒரு டிஷ்யூவை அவள் கையில் திணித்து, “அழுவுறது எல்லாம் அப்புறம். ஷூவைக் காட்டு” என்றார். மணி நான்கு பதினான்கு.

5. முப்பது நிமிடம்

அலுவலக ஜன்னலிலிருந்து ஓடுதளத்தின் கடைசி அறுபது மீட்டர் மட்டும்தான் தெரியும். துப்பாக்கிச் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை, ஒலிபெருக்கியும் கூட்டத்தின் சத்தமும்தான். ஜன்னலுக்குள் அவர்கள் நுழைந்தபோது ஆரஞ்சு நிறம் ஏழாவதாக இருந்தது. ஜன்னலை விட்டுப் போனபோது ஐந்தாவதாக இருந்தது. நான் என்னை மறந்து மேஜையைத் தட்டியதில் தண்ணீர் பாட்டில் கீழே விழுந்தது.

நான்கு முப்பத்தாறுக்கு முடிவை அறிவித்தார்கள். ஐந்தாவது இடத்துக்கு நேரே ‘புரொடெஸ்ட்’ என்று இருந்தது. ஐந்து ஆறு வரை நேரம்.

ஆன்ட்டி லூபேயை ஏற்கனவே நாலு தடவை அழைத்திருந்தேன். பஸ் ஓட்டும்போது அவர் ஃபோனை அணைத்துப் பையில் போட்டுவிடுவார். ஷிஃப்ட் முடிந்தும் ஆன் செய்யவில்லை போலிருக்கிறது. தீவின் அலுவலகத்துக்கு அழைத்தோம். தேதிக்கோட்டுக்கு அந்தப் பக்கம் என்பதால் அங்கே இன்னும் வெள்ளிக்கிழமைதான், ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். ஒரு தாளை எடுத்து, சங்கம் அனுப்பியது என்ன, நான் மாற்றியது என்ன, எப்போது, யாரையும் கேட்காமல் எப்படி மாற்றினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரிசர்வாக இருந்தவள் என் மகள் என்றும் எழுதினேன். கணினியில் என் பெயரோடு பதிவான நேரத்தையும் அச்செடுத்து இணைத்தேன். வேலையில் எத்தனையோ பேருக்கு விளக்கக் கடிதம் எழுதித் தந்திருக்கிறேன். எனக்காக எழுதியது அதுதான் முதல் தடவை.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். சரிபார்ப்பது வேறு, திருத்துவது வேறு. உங்கள் கண்ணுக்குத் தவறாகத் தெரிந்தால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். எழுதியவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்கள் பிள்ளை ஓடுகிற ஓட்டத்தின் பட்டியலைத் தொடவே தொடாதீர்கள். நீங்கள் எவ்வளவு நேர்மையானவர் என்று உங்களுக்கே தெரிந்திருந்தாலும் வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். இப்போது நான் அப்படித்தான் செய்கிறேன்.

நான்கு ஐம்பதுக்கு மெலேயும் கயலும் அலுவலக வாசலில் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். கயல் ஒரு வாழைப்பழத்தை உடைத்து ஒரு பாதியை மெலேக்குக் கொடுத்தாள். இன்னொரு பாதியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு என் மேஜைமேல் வைத்தாள்.

“யூ ஷுட் ஹாவ் ஆஸ்க்ட் ஹெர், அம்மா.”

“ஆமா.”

“எவ்ரி டியூஸ்டே வர்றா.”

“ஆமா கயல்.”

மெலே தலை நிமிராமல், “ஆன்ட்டி பிரின்சிபல்கிட்ட மாட்டின மாதிரி இருக்காங்க, விட்டுடு” என்றாள். ஆன்ட்டி என்றது என்னை. அந்த வார்த்தையை அவள் அன்றும் மாற்றவில்லை.

ஐந்து மணிக்குக் கிரேம் வந்து சுவர்க் கடிகாரத்தின் கீழே நின்றார்.

ஐந்து ஒன்றுக்கு ஆன்ட்டி லூபே கார் நிறுத்துமிடத்திலிருந்து நடந்து வந்தார். பஸ் ஓட்டுநரின் நீல ஜாக்கெட், ஒரு கையில் பை, மறுகையில் மூடி கட்டிய பழைய ஐஸ்கிரீம் டப்பா. அதில் மெலேக்குச் சாப்பாடு. டிராஃபிக்கில் மாட்டி ஓட்டத்தைத் தவறவிட்ட வருத்தம்தான் அவர் முகத்தில் இருந்தது. வேறெதுவும் அவருக்குத் தெரியாது. நான் எழுந்து நின்றேன். யாரும் எனக்காகப் பேச வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, நடந்ததை முழுவதும் நானே சொன்னேன். என் மகளைப் பற்றியும் சொன்னேன்.

அவர் என் தாளை வாங்கி நின்றபடியே வாசித்தார். ஐஸ்கிரீம் டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு, படிவத்தில் சங்கத்தின் பெயரை நிதானமாக எழுதினார். அந்த மூன்றெழுத்தையும் எழுதினார். கையெழுத்துப் போட்டார். கிரேம் நேரத்தைக் குறித்துக்கொண்டு, “ஏத்துக்கிட்டாச்சு. ஐந்தாவது இடம். உங்க நாட்டுக்கு” என்று சொல்லிக் கை கொடுத்தார். வாசலில் கயல் போட்ட சத்தம் மைதானம் முழுவதும் கேட்டிருக்கும்.

ஆன்ட்டி லூபே அந்த நோட்டை எடுத்து என் மேஜைமேல் விரித்தார். பென்சிலால் எழுதியிருந்த வரியின் மேல் பேனாவால் எழுதினார். எழுதி முடித்தும் நோட்டை மூடவில்லை. அடுத்த வரியில் வரிசை எண்ணைப் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எங்க தீவு முதல் தடவையா ஒரு புரொடெஸ்ட் போட்டு ஜெயிச்சிருக்கு. இதையும் எழுதணும். ரெண்டு பேரால ஜெயிச்சோம். ஒண்ணு, ஊக்கு குடுத்த இந்தப் பொண்ணு. இன்னொண்ணு, தப்பு என்னோடதுன்னு எழுதிக் குடுத்த அவ அம்மா. உங்க பேரைச் சொல்லுங்க, டியர். பாஸ்போர்ட்ல இருக்கிறது வேண்டாம். வீட்ல எப்படிக் கூப்பிடுவாங்களோ, அதைச் சொல்லுங்க.”